வொர்க்ஸ்டேஷன் மடிக்கணினியில் கேம் விளையாடப் போய் நான் இழந்த நான்கு மாதங்கள்

பகலில் கட்டட மாதிரிகளை முப்பரிமாணத்தில் வரைவது என் பிழைப்பு. இரவில் ஒன்றரை மணி நேரம் வீடியோ கேம் விளையாடுவது எனக்கு இருக்கும் ஒரே பொழுதுபோக்கு. இரண்டுக்கும் தனித்தனிக் கணினி வாங்க வசதியில்லை. ஒரே மடிக்கணினியில் இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு, ஒரு நிறுவனம் மூன்று ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கழித்த வொர்க்ஸ்டேஷன் மடிக்கணினி (கனமான தொழில்முறை வேலைகளுக்கென்றே செய்யப்படும் வகை) ஒன்றைப் பழைய கணினி விற்பவரிடமிருந்து வாங்கினேன். இரண்டு மாதச் சம்பளம் அதற்குப் போனது. அதன் பிறகு நான்கு மாதங்கள் அந்தக் கணினியோடு நான் பட்ட பாட்டை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை, ஏனென்றால் வேலைக்காக வாங்கியது என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தேன். வேலை ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும்போது, கேம் ஓடவில்லை என்று யாரிடம் போய் முறையிடுவது? வாங்குவதற்கு முன்பு யாராவது என்னை உட்காரவைத்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பணமும் அத்தனை இரவுகளும் மிஞ்சியிருக்கும். அந்த நாலு வார்த்தையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு, திரைக்கான படங்களை வரைந்துதரும் கிராபிக்ஸ் கார்டின் பெயரைப் படித்ததிலேயே நடந்துவிட்டது. என் கணினியில் இருந்தது, என்விடியா நிறுவனத்தின் தொழில்முறைக் கார்டான குவாட்ரோ டி2000. கேம் விளையாடுபவர்கள் பேசிக்கொள்ளும் ஆர்டிஎக்ஸ் 2060 எனக்குத் தெரியும். 2000 என்ற எண்ணைப் பார்த்தவுடன், 2060க்கு அருகில்தான் இதுவும் இருக்கும், அதற்குக் கீழே உள்ள கேம் கார்டான ஜிடிஎக்ஸ் 1650ஐவிடக் கட்டாயம் மேலே இருக்கும் என்று நானே முடிவுசெய்துகொண்டேன். அது முழுத் தவறு. தொழில்முறைக் கார்டுகளின் பெயரில் வரும் எண்ணுக்கும் கேமுக்கான கார்டுகளின் எண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. டி2000 என்பது மடிக்கணினிகளுக்கான ஜிடிஎக்ஸ் 1650இல் உள்ள அதே சிப். அதே 1024 கூடா கோர்கள் (கணக்கிடும் சிறு அலகுகள்), அதே 4 ஜிபி நினைவகம். ஆர்டிஎக்ஸ் 2060இன் மடிக்கணினி வடிவத்தில் 1920 கோர்களும் 6 ஜிபியும் இருக்கின்றன. கோர்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இதற்கு முந்தைய தலைமுறையின் குவாட்ரோ பி2000 மடிக்கணினிக் கார்டிலோ ஜிடிஎக்ஸ் 1050 டிஐ அளவுக்கு 768 கோர்கள்தான். குவாட்ரோ என்ற பெயர் கைவிடப்பட்ட பிறகு வந்த ஆர்டிஎக்ஸ் ஏ2000, மடிக்கணினியில் 2560 கோர்களோடு 3050 டிஐயின் பக்கத்தில் நிற்கிறது. ஆகவே பெயரில் உள்ள எண்ணை மறந்துவிட்டு, கார்டில் எத்தனை கோர்கள், எத்தனை ஜிபி நினைவகம், எந்தத் தலைமுறைச் சிப் என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு, அதே அளவுள்ள கேம் கார்டு எது என்று தேடிப் பார்த்துவிட்டு, நீங்கள் விளையாட விரும்பும் கேம் அந்தக் கார்டில் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தை நான் செலவிடவில்லை.

இருந்தாலும், பிறகு நான் பட்ட அவதிக்கு இது மட்டுமே காரணம் அல்ல. ஜிடிஎக்ஸ் 1650 அளவுக்கு ஓடியிருந்தால்கூட நான் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். அந்த அளவுக்குக்கூட ஓடவில்லை என்பதுதான் சிக்கல். முதல் நாள் இரவு, சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு சாகச கேமை நடுத்தர அமைப்பில் வைத்துத் தொடங்கினேன். எட்டு, பத்து நிமிடங்கள் வரை நொடிக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து ஃபிரேம்கள், அதாவது படங்கள், வந்தன. எனக்குப் பெரிய மகிழ்ச்சி. பிறகு திடீரென்று படம் உறைந்ததுபோல் ஆகி, பன்னிரண்டு, பதின்மூன்று ஃபிரேம்களில் இழுத்துக்கொண்டு போனது. அரை நிமிடம் அப்படியே இழுத்துவிட்டு மீண்டும் ஐம்பதுக்கு வந்தது. இரண்டு நிமிடத்தில் மறுபடியும் அதே இழுப்பு. ஒரே சீராக மெதுவாக ஓடினால் கார்டுக்குச் சக்தி போதவில்லை என்று புரிந்துவிடும். நன்றாக ஓடுவதும் நொண்டுவதுமாக மாறி மாறி வந்ததால்தான் நான் குழம்பிப்போனேன். இதை எழுதும் அளவுக்கு விஷயம் தெரிந்த பிறகு சொல்கிறேன்: நன்றாக ஓடிக்கொண்டிருந்தது ஒரே கணத்தில் நாலில் ஒரு பங்காக விழுந்து, சற்று நேரத்தில் தானாகவே எழுந்தால், கார்டின் திறமைக் குறைவைச் சந்தேகிக்காதீர்கள், கணினி எதற்கோ பயந்து தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது என்று பொருள். அது சூட்டுக்குப் பயப்படலாம், அல்லது மின்சாரப் பற்றாக்குறைக்குப் பயப்படலாம். இந்த இரண்டில் எது என்று முதல் வாரத்திலேயே கண்டுபிடித்திருக்க வேண்டும். நான் மென்பொருளைத் தோண்டப் போய்விட்டேன்.

‘குவாட்ரோ கார்டு வேலைக்கானது, கேமுக்கு அதில் டிரைவர் சரிவராது’ என்று எங்கு பார்த்தாலும் சொல்லப்படுவதைப் படித்துவிட்டு, குற்றவாளி கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர்தான் என்று முடிவுகட்டினேன். கேம் கார்டுகளுக்காக வெளியாகும் கேம் ரெடி டிரைவரை இறக்கி நிறுவப் பார்த்தபோது, பொருத்தமான கிராபிக்ஸ் கார்டு இல்லை என்று சொல்லி அது நின்றுவிட்டது. அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் நிறுவல் கோப்பில் உள்ள பட்டியலைத் திருத்தி என் கார்டின் அடையாள எண்ணைச் சேர்த்தால் நிறுவலாம் என்று படித்து, டிரைவர் நம்பகமானதா என்று பார்க்கும் விண்டோஸின் கையொப்பச் சோதனையை அணைத்துவிட்டு, இரண்டு இரவுகள் முயன்று அதையும் செய்துமுடித்தேன். கேமில் ஒரு ஃபிரேம்கூடக் கூடவில்லை. மாறாக, மறுநாள் காலையில் வரைகலை மென்பொருளைத் திறந்தபோது மாதிரியின் விளிம்புக்கோடுகள் பாதி மறைந்து, சுழற்றும்போதெல்லாம் மின்னின. அன்று ஒப்படைக்க வேண்டிய வேலையை மறுநாள்தான் ஒப்படைக்க முடிந்தது; வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. டிரைவரை முழுவதுமாகத் துடைத்தெடுத்துவிட்டுப் பழையதை நிறுவினேன். அப்படியும் மனம் ஆறாமல் விண்டோஸையே மூன்று முறை புதிதாக நிறுவினேன். ஒவ்வொரு முறையும் மென்பொருள்களையும் உரிமங்களையும் ஏற்றி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது.

டிரைவர் விஷயத்தில் உண்மை நிலை மிக எளிமையானது. தொழில்முறைக் கார்டில் இருப்பதும் கேம் கார்டில் இருக்கும் அதே சிப்தான். கேம்கள் படம் வரையப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸும் வல்கனும் அதில் அப்படியே ஓடும். வேறுபாடெல்லாம் இதுதான்: ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ், காட்டியா போன்ற வரைகலை மென்பொருள்களோடு சோதிக்கப்பட்டுச் சான்றளிக்கப்பட்டு வருவதால் தொழில்முறை டிரைவர் நிதானமாக, நீண்ட இடைவெளி விட்டு வெளிவரும்; நேற்று வெளியான கேமுக்கான திருத்தம் அதில் உடனே வந்து சேராது. சில மாதங்களுக்கு முன்பே வெளியான கேம்களுக்கு இது பெரும்பாலும் பொருட்டே அல்ல. ஆகவே மடிக்கணினி நிறுவனத்தின் தளத்தில் பழையதாகக் கிடக்கும் டிரைவரை விட்டுவிட்டு, என்விடியாவின் தளத்தில் உங்கள் கார்டின் பெயரிலேயே கிடைக்கும் அண்மைத் தொழில்முறை டிரைவரை நிறுவுங்கள். அதற்கு மேல் போகாதீர்கள். கையொப்பச் சோதனையை அணைத்துவைத்த கணினியில், ஏமாற்று விளையாட்டைத் தடுக்கும் மென்பொருளோடு வரும் இணையவழி கேம்கள் திறக்காமலே போகவும் வாய்ப்புண்டு.

இதற்கு நடுவே உண்மையிலேயே ஒரு பயன் கிடைத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இத்தகைய மடிக்கணினிகளில் இரண்டு கிராபிக்ஸ் இருக்கும்: கணினியின் மூளையான பிராசசரோடு ஒட்டிய இன்டெல் கிராபிக்ஸ் ஒன்று, தனி என்விடியா கார்டு ஒன்று. வழக்கமான நிலையில் திரை இன்டெல்லோடுதான் இணைந்திருக்கும். என்விடியா கார்டு வரைந்த ஒவ்வொரு படமும் இன்டெல் வழியாகத்தான் திரைக்கு வரும். சில கேம்கள் தவறுதலாக இன்டெல்லிலேயே ஓடத் தொடங்கிவிடுவதும் உண்டு. விண்டோஸ் அமைப்புகளில் டிஸ்ப்ளே பகுதிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பட்டியலில் கேமைச் சேர்த்து, உயர்செயல்திறன் என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அந்தத் தவறு நடக்காது. பல வொர்க்ஸ்டேஷன்களின் பயாஸில் (கணினி தொடங்கும்போதே இயங்கும் அடிப்படை மென்பொருள்) தனி கார்டை மட்டும் இயக்கும் தேர்வும் இருக்கிறது. என் கணினியில் அதை மாற்றியதும் நாலைந்து ஃபிரேம்கள் கூடின. ஆனால் பேட்டரியில் வேலை பார்க்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. பயாஸில் எதையாவது மாற்றுவதற்கு முன்பு, சேமித்துவைத்ததையெல்லாம் பூட்டிவைக்கும் விண்டோஸ் ஏற்பாடான பிட்லாக்கர் இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள், மீட்புச் சாவியையும் வேறோர் இடத்தில் எழுதிவையுங்கள். நான் அப்படிச் செய்யாமல் மாற்றிவிட்டு மறுதொடக்கம் செய்தபோது, நாற்பத்தெட்டு இலக்கங்கள் கொண்ட சாவியைக் கேட்டு நீலத்திரை வந்து நின்றது. அந்தச் சாவி என் இணையக் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்ததைக் கைப்பேசியில் கண்டுபிடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

இரண்டாவது மாதம் முழுவதும் சூட்டின் பின்னால் போனது. கேம் ஓடும்போது கணினியின் அடிப்பக்கம் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டதால், இதுதான் காரணம் என்று உறுதியாக நம்பினேன். மின்விசிறிகள் பொருத்திய குளிரூட்டும் பலகை ஒன்று வாங்கினேன். பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்து, சிப்பின் சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றினேன். கணினி திரும்பி வந்தபோது அடிமூடியின் இரண்டு திருகுகள் காணாமல் போயிருந்தன, டச்பேடின் இடது பொத்தான் வேலை செய்யவில்லை. அதைச் சரிசெய்ய இன்னொருவரிடம் தனியாகச் செலவழித்தேன். வெப்பநிலை எட்டு டிகிரி குறைந்தது. இழுப்பு மட்டும் அப்படியே இருந்தது. நினைவகம் போதவில்லையோ என்று 16 ஜிபி ராம் ஒன்றையும் வாங்கிச் சேர்த்தேன். ஒரே ராமாக இருந்தது இரண்டானதால் வேலைக்கு அது பயன்பட்டது என்பது உண்மை, ஆனால் நான் தேடிய தீர்வு அது இல்லை. அதற்குள் கணினிக்குக் கொடுத்த தொகையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு இப்படித் துண்டு துண்டாகப் போயிருந்தது. ஒரு கட்டத்தில் கேமைத் திறக்கவே பிடிக்காமல் போய்விட்டது. வேலை முடிந்து உட்கார்ந்தால், விளையாடப் போகிறோம் என்ற எண்ணம் வராமல், இன்று எதைச் சோதிப்பது என்ற கவலைதான் வந்தது. தூக்கம் கெட்டது. வீட்டில் இருந்தவர்களிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். அதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

மூன்றாவது மாதக் கடைசியில்தான், ஊகிப்பதை நிறுத்திவிட்டு அளந்து பார்க்கலாம் என்று தோன்றியது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் கணினியின் உள்ளே உள்ள உணரிகள் காட்டும் அளவுகளை இரண்டு நொடிக்கு ஒருமுறை கோப்பில் எழுதிவைக்கும். அதை ஓடவிட்டு, இருபது நிமிடம் கேம் விளையாடிவிட்டு, கோப்பை அட்டவணையாகத் திறந்து வரிசை வரிசையாகப் படித்தேன். இழுப்பு வந்த இடங்களிலெல்லாம், வழக்கமாக 4 கிகாஹெர்ட்ஸுக்கு அருகில் ஓடும் பிராசசர் 0.8 கிகாஹெர்ட்ஸில் கிடந்தது. அது சூட்டினால் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்த நொடியில் அதன் வெப்பநிலை 78 டிகிரி. இன்டெல் பிராசசர்கள் 100 டிகிரியை நெருங்கும்போதுதான் சூட்டுக்காகக் கட்டுப்படும். பிறகு என்னதான் காரணம் என்று வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனபோது, பேட்டரி அளவு என்ற பத்தி கண்ணில் பட்டது. தொடங்கும்போது 97 விழுக்காடு, முடியும்போது 91. கணினி முழு நேரமும் சுவரில் உள்ள மின்சாரத்தோடு இணைந்திருந்தது. மின்சாரத்தில் இருக்கும் கணினியின் பேட்டரி ஏன் குறைய வேண்டும்?

மேசைக்கு அடியில் குனிந்து, அடாப்டரைக் கையில் எடுத்து, கைப்பேசி வெளிச்சத்தில் அதன் அடியில் இருந்த பொடி எழுத்துகளைப் படித்தேன். வெளியீடு 19.5 வோல்ட், 4.62 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கினால் 90 வாட். என் மாடலுக்கு எத்தனை வாட் அடாப்டர் என்று நிறுவனத்தின் கையேட்டில் தேடினேன்: 180 வாட். அந்த நள்ளிரவில் தரையில் உட்கார்ந்தபடியே சற்று நேரம் இருந்துவிட்டேன். மூன்று மாதமாகக் காலில் இடறிக்கொண்டிருந்த பொருளில்தான் விடை இருந்தது.

கணக்கு இப்படித்தான் வருகிறது. என் பிராசசர் ஐ7 9850எச். 45 வாட் என்று சொல்லப்படுவது அதன் நீண்டநேர அளவுதான், டர்போ எனப்படும் உச்ச வேகத்தில் சற்று நேரத்துக்கு அதைவிட நிறையவே இழுக்கும். கிராபிக்ஸ் கார்டு 60 வாட் வரை போகும். திரை, ராம், மின்விசிறி, கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி எல்லாம் சேர்ந்து இன்னொரு பதினைந்து, இருபது. இவற்றைக் கூட்டினால் 90 தாண்டிவிடும். பற்றாக்குறையைக் கணினி முதலில் பேட்டரியிலிருந்து எடுத்துச் சமாளிக்கிறது. அதுவும் தாங்காதபோது பிராசசரின் கழுத்தைப் பிடித்து 0.8க்கு இறக்கிவிடுகிறது. சுமை குறைந்ததும் விட்டுவிடுகிறது. பகலில் வரைகலை வேலையில் இது தெரியாமல் போனதற்கும் காரணம் இருக்கிறது. மாதிரியைச் சுழற்றும்போது கார்டு சில நொடிகள் உழைக்கும், பிறகு நான் யோசிக்கும் நேரத்தில் ஓய்வெடுக்கும். கேமில் அந்த ஓய்வு கிடையாது. பிராசசரும் கார்டும் சேர்ந்து, மணிக்கணக்கில், இடைவிடாமல் உழைக்க வேண்டும். வேலைக்குச் சரியாக இருக்கும் கணினி கேமில் சறுக்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் வேர்.

குறைந்த வாட் அடாப்டரை மாட்டினால் கணினி தொடங்கும்போதே எச்சரிக்கை வர வேண்டுமே என்று சிலர் கேட்கலாம். வரும். ஆனால் அந்த எச்சரிக்கையை அணைத்துவைக்கும் தேர்வு சில கணினிகளின் பயாஸில் இருக்கிறது; என்னுடையதில் அது அணைக்கப்பட்டிருந்தது. அணைத்தது முன்பு வைத்திருந்த நிறுவனமா, விற்றவரா என்பது எனக்குத் தெரியவே வராது. இரண்டு அடாப்டர்களின் முனையும் ஒரே அளவு என்பதால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. விற்றவரைத் தொடர்புகொண்டபோது, சோதனைக்கான காலம் முடிந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்குக் கடும் கோபம்தான். ஆனால் வாங்கிய அன்றே அடாப்டரின் அடியைத் திருப்பிப் பார்த்திருந்தால் அப்போதே கேட்டு வாங்கியிருக்கலாம். ஆகவே பழையது வாங்குபவர்கள், கணினியைப் பார்ப்பதற்கு முன்பே அடாப்டரைப் பாருங்கள். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்கள். அந்த மாடலுக்குரிய வாட்டோடு ஒப்பிடுங்கள். தனி கார்டு உள்ள வொர்க்ஸ்டேஷன்களுக்கு 130லிருந்து 240 வாட் வரை மாடலுக்கு மாடல் மாறும். யுஎஸ்பி-சி வழியாகவும் சார்ஜ் ஆகிறதே என்று நம்பி, கைப்பேசிக்கும் கணினிக்கும் பொதுவான 65 வாட் சார்ஜரில் கேம் விளையாடப் பார்க்காதீர்கள். யுஎஸ்பி-சி மின்சாரத் தரம் 2021 வரை 100 வாட்டோடு நின்றிருந்தது. அதற்குப் பின் 240 வாட் வரை உயர்த்தப்பட்டாலும், பழைய கணினி பழைய அளவைத்தான் ஏற்கும். மடிக்கணினியைத் திரையோடும் விசைப்பலகையோடும் இணைக்க அலுவலக மேசையில் இருக்கும் டாக் பெட்டிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மாற்று அடாப்டர் வாங்கும்போது, மலிவான போலியைத் தவிருங்கள். சில கணினிகள் அடாப்டரின் அடையாளத்தைச் சரிபார்த்து, தெரியாத அடாப்டர் என்றால் வாட் போதுமானதாக இருந்தாலும் வேகத்தைக் குறைத்துவிடும்.

சரியான அடாப்டர் வந்த அன்று இரவு நாற்பது நிமிடம் விளையாடினேன், ஓர் இழுப்புகூட இல்லை. கண் கலங்கிவிட்டது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் மின்சாரப் பற்றாக்குறை நீங்கியதும், இதுவரை ஒளிந்திருந்த சூடு உண்மையிலேயே தலைகாட்டியது. பிராசசர் 96, 97 டிகிரிக்குப் போனது. மின்விசிறியின் இரைச்சல் பக்கத்து அறைவரை கேட்டது. வொர்க்ஸ்டேஷன் மடிக்கணினிகள் பலவற்றில் பிராசசரும் கார்டும் ஒரே வெப்பக் குழாய்களைப் பகிர்ந்துகொள்வதால், ஒன்று சூடானால் மற்றதும் சூடாகும். வோல்டேஜைக் குறைத்துச் சூட்டைத் தணிக்கும் வழி முன்பு இருந்தது; 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறை வெளியானதைத் தொடர்ந்து, பல நிறுவனங்கள் பயாஸ் புதுப்பிப்பின் மூலம் அந்த வழியை அடைத்துவிட்டன. அதற்காகப் பழைய பயாஸுக்குத் திரும்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எனக்குப் பலன் தந்தவை இரண்டு எளிய மாற்றங்கள். விண்டோஸின் மின்திட்ட அமைப்பில் பிராசசரின் உச்ச நிலையை 100 விழுக்காட்டிலிருந்து 99 ஆக்கினால் டர்போ நின்றுவிடும். சூடு ஒரேயடியாக இருபது டிகிரி இறங்கியது, நான் விளையாடும் கேமில் இழந்தது மூன்று ஃபிரேம்களை மட்டும்தான். கார்டுதான் முழு மூச்சில் உழைக்கிறது, பிராசசருக்கு ஓய்வு இருக்கிறது என்ற நிலையில் இந்த வழி நன்றாகப் பலிக்கும். பிராசசரையே அதிகம் நம்பியிருக்கும் நகர நிர்மாண கேம்களுக்கும் உத்தி கேம்களுக்கும் இது ஒத்துவராது. மற்றொன்று, ஃபிரேம் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வைப்பது. நான் 45இல் நிறுத்திவைத்திருக்கிறேன். அறுபதுக்கும் நாற்பதுக்கும் இடையே ஊசலாடுவதைவிட, ஒவ்வொரு படமும் ஒரே இடைவெளியில் வரும் நாற்பத்தைந்து கண்ணுக்கு இதமாக இருக்கிறது. வேலை நேரத்தில் உச்ச நிலையை 100க்கே மாற்றிவிடுகிறேன், ஏனென்றால் வரைகலை மென்பொருளுக்கு டர்போ தேவை.

திரையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் முழுமையாகாது. நான் வாங்கியது 4கே திரை. வேலைக்கு அற்புதம், நிறங்கள் அச்சு அசலாக இருக்கும். கேமுக்கோ அதே திரை சுமை. 3840க்கு 2160 என்றால் எண்பத்து மூன்று லட்சம் புள்ளிகள், முழு எச்டியைப்போல் சரியாக நான்கு மடங்கு. 4 ஜிபி கார்டு அதைத் தாங்கவே தாங்காது. கேமுக்குள் முழு எச்டிக்கு இறக்கிக்கொண்டேன். சற்று மங்கலாகத் தெரிந்தாலும் பழகிவிட்டது. நொடிக்கு 60 முறைதான் புதுப்பிக்கும் திரை என்பதால் அதற்கு மேல் ஃபிரேம்கள் வந்தும் பயனில்லை. நிறத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இத்தகைய திரைகளில் புள்ளிகள் நிறம் மாற எடுத்துக்கொள்ளும் நேரமும் அதிகம்; வேகமாகத் திரும்பும்போது உருவங்களின் பின்னால் நிழல்போல் ஒரு இழுவை தெரியும். துப்பாக்கிச் சுடும் போட்டி கேம்களில் தீவிரமாக இறங்குபவர்கள் வெளித்திரை ஒன்றை வாங்கித்தான் ஆக வேண்டும். பல மாடல்களில் வெளித்திரைக்கான துளை நேரடியாக என்விடியா கார்டோடு இணைந்திருப்பதால் இன்டெல் வழியாகச் சுற்றிவரும் தாமதமும் அதில் மிச்சமாகும்.

பிராசசர் விஷயத்தில் ஒரே ஒரு சொல். விற்பவர்கள் இன்டெல்லின் தொழில்முறைப் பிராசசரான சீயான் என்றும் ஈசிசி நினைவகம் என்றும் பெருமையாகச் சொல்வார்கள். நினைவகத்தில் நேரும் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் அந்த ஏற்பாடு, பல மணி நேரம் ஓடும் கணக்கீடுகளுக்கு உண்மையான பாதுகாப்பு. கேமில் அதனால் ஒரு ஃபிரேம்கூட அதிகரிக்காது. கேமையும் மனதில் வைத்து வாங்குபவர் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்; அந்தப் பணத்தை ஒரு படி மேலான கார்டுக்குக் கொடுக்கலாம்.

நிறுவனங்கள் கழித்த கணினி என்பதால் இன்னும் சில சோதனைகள் தேவை. பணம் கொடுப்பதற்கு முன்பு பயாஸைத் திறந்து பாருங்கள். கடவுச்சொல் கேட்டால் அந்தக் கணினியை வாங்காதீர்கள். தனி கார்டுத் தேர்வு, அடாப்டர் எச்சரிக்கை, விசிறி நிலை எல்லாமே அந்தப் பூட்டுக்குப் பின்னால்தான் இருக்கும், அதை நீக்குவது சாமானிய வேலை இல்லை. விண்டோஸை இணையத்தோடு புதிதாக நிறுவும்போது ஏதாவது நிறுவனத்தின் பெயரைக் காட்டி அவர்களுடைய மின்னஞ்சலைக் கேட்டால், கணினி இன்னும் அந்த நிறுவனத்தின் பதிவேட்டிலிருந்து விடுவிக்கப்படவில்லை என்று பொருள். திருட்டைத் தடுக்க பயாஸிலேயே பதிந்துவைக்கும் கண்காணிப்பு ஏற்பாடு இயக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இவையெல்லாம் சரியாக இருந்தால், நீங்கள் விளையாடும் கேமையே ஒரு எஸ்எஸ்டியில் கொண்டுபோய், விற்பவர் தரும் அடாப்டரிலேயே, அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடச் சோதனையில் என் கணினி எந்தக் குறையும் இல்லாமல் தேறியிருக்கும். அதனால்தான் அரை மணி நேரம் என்று அழுத்திச் சொல்கிறேன். தொடக்கத்தில் பேட்டரி எத்தனை விழுக்காடு, முடிவில் எத்தனை என்பதை மட்டும் தாளில் குறித்துக்கொண்டாலே போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் இந்தக் கணினியை நான் விற்கவில்லை. கீல் ஆடவில்லை, விசைப்பலகை நாள் முழுவதும் தட்டினாலும் விரல் வலிப்பதில்லை, எந்தத் திருகைக் கழற்றினால் எந்தப் பாகம் வரும் என்று பக்கம் பக்கமாக விளக்கும் பழுதுபார்ப்புக் கையேடு நிறுவனத்தின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. போன மாதம் அதைப் பார்த்து நானே அடிமூடியைத் திறந்து, விசிறிகளில் கம்பளிபோல் அடைந்திருந்த தூசியைத் தூரிகையால் எடுத்தேன். காணாமல் போன இரண்டு திருகுகளுக்குப் பதிலாகச் சரியான அளவில் புதியவற்றையும் வாங்கிப் பொருத்தினேன். அன்று பிராசசர் 71 டிகிரியைத் தாண்டவில்லை. பாதியில் விட்டிருந்த அந்தச் சாகச கேமை இந்த வாரம்தான் முடித்தேன். 90 வாட் அடாப்டரையும் தூக்கியெறியவில்லை. வெளியூர் போகும்போது எழுத்து வேலைக்கு அது போதும் என்பதால், ‘கேமுக்கு ஆகாது’ என்று ஒரு தாளில் எழுதி அதன் வயரில் ஒட்டிவைத்திருக்கிறேன்.